ஒரு கைப்பிடிக் கடலையும் ஒரு டின் காளானும்

கடந்த நவராத்திரியில் நம் சங்கத்தின் மகளிர் அணியினர் வைத்த கொலுவுக்கு வந்திருந்த சகோதரிகளுக்கு நினைவிருக்கலாம். அன்று வேர்க்கடலைச் சுண்டல். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் இளம்பெண் தொன்னையை வாங்கிக்கொண்டே என்னிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க சயின்ஸ் டீச்சர்னு சொன்னாங்க. நட்ஸ்லயும் டின்ல வர்ற காய்கறியிலயும் எதுல சத்து அதிகம்?"

கணவன், மனைவி இருவரும் குர்கானில் வேலை பார்க்கிறார்கள். வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடுமாம். காய் நறுக்க நேரமில்லை. அலமாரியில் பட்டாணி, ஸ்வீட் கார்ன், காளான் என்று டின்கள் வரிசையாக இருக்கின்றன. அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்து நான்கு மாதம் தங்கப் போகிறார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. "நட்ஸ்ல எல்லாம் கொழுப்புதானே? டின்னா இருந்தாலும் அது காய்தானே? அத்தைக்கு அதுவே நல்லதுன்னு நினைக்கிறேன்" என்றாள்.

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒரு காலத்தில் நான் சொன்னது. சுண்டல் வரிசையில் நின்றுகொண்டு பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அவளுக்கும், அவளைப் போல ஊரை விட்டு வந்து இங்கே குடும்பம் நடத்தும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. டெல்லிப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள், அவ்வளவுதான்.

என் வீட்டில் நடந்தது

1979-ல் திருமணமாகிக் கும்பகோணத்திலிருந்து டெல்லிக்கு வந்தேன். ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு. பள்ளி நடந்து போகும் தூரம். காலையில் காய் வாங்கி, நறுக்கி, சமைத்துவிட்டுத்தான் போவேன். பின்னர் துவாரகாவில் சொந்த வீடு வாங்கிக் குடிபோனோம். பள்ளிக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அப்போதுதான் டின்கள் வீட்டுக்குள் வந்தன. வாரத்தில் மூன்று நாள் ஏதாவது ஒரு டின் திறப்பேன். பட்டாணிக் குருமா, காளான் மசாலா, பேபி கார்ன் பொரியல். காய் போட்டாயிற்று என்று மனதுக்கு ஒரு நிம்மதி.

2006-ல் என் கணவருக்கு ரத்த அழுத்தம் 160/100 என்று தெரிய வந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். நான் என் பங்குக்கு ஒரு தடை உத்தரவு போட்டேன். "இனிமேல் கடலை கிடையாது. அதில் கொலஸ்ட்ரால்." டெல்லிக் குளிரில் கடலை வண்டியைப் பார்க்காதவர் உண்டா? கடலைக் குவியலின் மேல் கனல் போட்ட மண் சட்டியை வைத்து, சூடாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அவருக்கு அது உயிர். கோட்டுப் பையில் கடலைத் தோல் கிடந்ததைப் பார்த்து நான் சண்டை போட்ட நாட்கள் உண்டு. "மூணு கடலைதாம்மா" என்பார். அன்று இரவு சாப்பாட்டுக்கு நான் செய்து வைத்திருந்தது டின் காளான்.

2008 ஜனவரியில் ஒரு விடியற்காலை அவருடைய வலது கை மரத்துப் போனது. பேச்சு குழறியது. லேசான பக்கவாதம் என்றார்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பெரிய ஆபத்து இல்லாமல் தப்பினார். வீடு திரும்பும் முன் அங்கிருந்த உணவு ஆலோசகர், மூன்று நாள் வீட்டில் என்னென்ன சாப்பிடுவார் என்று எழுதித் தரச் சொன்னார். நான் உற்சாகமாகத்தான் எழுதினேன். எண்ணெய் குறைவு, கடலை நிறுத்தம், தினமும் காய்கறி. அந்தப் பெண் படித்துவிட்டு, காய்கறி என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "புதுக் காயா, டின்னா?" என்று கேட்டார். டின் என்றேன். "அப்படியானால் இந்த இடத்தில் உப்பு என்றும் எழுதியிருக்க வேண்டும், மேடம்" என்றார்.

அந்த டின்களால்தான் பக்கவாதம் வந்தது என்று நான் சொல்லவில்லை. பரம்பரை, வயது, அலுவலகக் கவலை, மாத்திரையை மறந்த நாட்கள் என்று காரணங்கள் பல. ஆனால் ஆண்டுதோறும் கரும்பலகையில் சோடியம் குளோரைடு என்று எழுதிய கை, சமையலறையில் அதே சோடியம் குளோரைடு கரைந்த நீரோடு டின்னைக் கவிழ்த்தது என்பது உண்மை. டின்னின் மேல் "காளான், நீர், உப்பு, சிட்ரிக் அமிலம்" என்று அச்சிட்டுத்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

டின்னுக்குள் என்ன ஆகிறது?

டின் உணவை விஷம் என்று சொல்வதும் தவறு. உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கொதிக்க வைத்தால் கெடாது என்பதைப் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அப்பேர் கண்டுபிடித்து, 1810-ல் அந்நாட்டு அரசிடம் 12,000 ஃபிராங்க் பரிசு பெற்றார். அவர் பயன்படுத்தியவை கண்ணாடிப் புட்டிகள். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஏன் கெடவில்லை என்பது கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. இன்று காய்கறி டின்களை மூடிய பிறகு, நம் பிரஷர் குக்கரைப் போலவே அழுத்த நீராவியில், சுமார் 121 டிகிரி சூட்டில் வைத்துக் கிருமிகளைக் கொல்கிறார்கள்.

இந்தச் சூட்டில் எல்லாச் சத்தும் போய்விடுவதில்லை. நார்ச்சத்து அப்படியே இருக்கும். புரதம் பெரிதும் குறையாது. கேரட்டின் மஞ்சள் நிறச் சத்து பெரும்பாலும் தங்கும். தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீன், வேகவைத்த பின் உடலில் இன்னும் நன்றாகவே சேர்கிறது. அதிகம் அடிபடுவது வைட்டமின் சி. அது சூட்டில் அழியும், நீரிலும் கரையும். 100 கிராம் பச்சைப் பட்டாணியில் சுமார் 40 மில்லிகிராம் இருக்கும் வைட்டமின் சி, டின் பட்டாணியில் 10 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

குறைவது அது. கூடுவது உப்பு. பச்சைப் பட்டாணியிலும் புதுக் காளானிலும் 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் அளவே சோடியம் உண்டு. உப்பு நீரில் அடைத்து, நீரை வடித்த டின் பட்டாணியில் அது சுமார் 270. டின் காளானில் 400-க்கும் மேல். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்.

கொட்டைப் பருப்பில் என்ன இருக்கிறது?

வேர்க்கடலை உண்மையில் கொட்டையே அல்ல. துவரை, உளுந்து போலப் பயறு இனம். ஆனால் சத்தில் பாதாம், முந்திரி, அக்ரூட் ஆகியவற்றின் பந்தியில்தான் உட்காருகிறது.

அந்த ஆலோசகர் எனக்கு ஒரு புத்தகத்தைக் காட்டினார். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட, இந்திய உணவுகளின் சத்து அட்டவணை. அதைத் தொகுத்தவர்களில் முதல்வரான டாக்டர் சி. கோபாலன் 1918-ல் நம் சேலத்தில் பிறந்தவர். அந்த நிறுவனமும் அதே 1918-ல் நீலகிரியில், குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடமாகத் தொடங்கியது. 1958-ல்தான் ஹைதராபாதுக்குப் போனது. நம் ஊர் மண்ணில் பிறந்த அறிவை, டெல்லி மருத்துவமனையில் நோயாளியின் மனைவியாக உட்கார்ந்துதான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

100 கிராம் வேர்க்கடலையில் புரதம் சுமார் 25 கிராம், பாதாமில் 21, முந்திரியில் 18, அக்ரூட்டில் 15. எல்லாவற்றிலும் கொழுப்பு 40 கிராமுக்கு மேல், அக்ரூட்டில் 65. ஆனால் அதில் பெரும்பகுதி ரத்தக் குழாய்க்குத் தீங்கு செய்யாத வகை. கொலஸ்ட்ரால் என்பது மிருக உணவில் வருவது. தாவர உணவில் அது இல்லை என்றே சொல்லலாம். இரண்டு வருடம் நான் போட்ட தடை உத்தரவுக்கு ஆதாரமே இருக்கவில்லை!

பாதாமுக்கென்று தனிச் சிறப்பு உண்டு. வைட்டமின் ஈ, சுண்ணாம்புச் சத்து இரண்டும் அதில் மிகுதி. அக்ரூட்டில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு உண்டு. ஆனால் புரதத்துக்காக மட்டும் பாதாம் வாங்குகிறவர்கள், ஒரு கிலோ பாதாமின் விலையில் பல கிலோ கடலை வரும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளக் குடும்பம் இதில் தாழ்வாக நினைக்க எதுவுமில்லை.

கொட்டைப் பருப்புகளில் இல்லாததும் உண்டு. வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. அவற்றிலுள்ள இரும்புச் சத்தும் எளிதில் உடலில் சேராது. எலுமிச்சை போன்ற புளிப்புப் பழம் சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். சுண்டலில் எலுமிச்சை பிழிவதில் ருசி மட்டுமல்ல, அர்த்தமும் இருக்கிறது.

நூறு கிராம் என்னும் மாயக் கணக்கு

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். எதில் சத்து அதிகம்? அட்டவணையில் 100 கிராமுக்கு 100 கிராம் வைத்துப் பார்த்தால் கடலைக்கு முன்னால் டின் பட்டாணி நிற்கவே முடியாது. புரதம் 25-க்கு 4. நார்ச்சத்து 8-க்கு மேல்; பட்டாணியில் 4-க்குச் சற்று மேல். சக்தி சுமார் 550 கலோரி, பட்டாணியில் 70.

ஆனால் இது சரியான போட்டி அல்ல. கடலையில் நீர் 7 சதவீதம்கூட இருக்காது. டின் பட்டாணியில் 80 சதவீதம், டின் காளானில் 90 சதவீதம் நீர். உலர்ந்த பொருளையும் நீர் நிறைந்த பொருளையும் ஒரே தராசில் வைத்தால் உலர்ந்ததுதான் ஜெயிக்கும். நாம் யாரும் தினமும் 100 கிராம் கடலை சாப்பிடுவதுமில்லை, சாப்பிடவும் கூடாது. கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். பட்டாணி ஒரு கிண்ணம், அதாவது 100 கிராம். இப்போது கணக்குப் போடுங்கள்.

ஒரு கைப்பிடிக் கடலை: சக்தி சுமார் 165 கலோரி, புரதம் 7.5 கிராம், நார்ச்சத்து 2.5 முதல் 3 கிராம். உப்புப் போடாதது என்றால் சோடியம் மிகச் சொற்பம்.

ஒரு கிண்ணம் டின் பட்டாணி: சக்தி சுமார் 70 கலோரி, புரதம் 4 கிராமுக்கு மேல், நார்ச்சத்தும் 4 கிராமுக்கு மேல். சோடியம் சுமார் 270 மில்லிகிராம்.

ஆறு மடங்காகத் தெரிந்த புரத வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. நார்ச்சத்தில் பட்டாணி முந்திவிட்டது. வயிறு நிறைய வேண்டும், எடை குறைய வேண்டும் என்பவருக்குப் பட்டாணிக் கிண்ணமே மேல். ஆகவே கடலை காய்க்கு மாற்று அல்ல. காய் கடலைக்கு மாற்று அல்ல. இரண்டும் தட்டில் இருக்க வேண்டும். நம் கவனத்தில் இருக்க வேண்டிய எண் அந்த 270.

உப்புக் கணக்கு

உப்பின் மூலக்கூறு எடை 58.5. அதில் சோடியம் 23. ஆகவே சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. இதை என் மாணவிகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்!

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். டின் காளான் ஒரு கிண்ணத்திலேயே ஒரு கிராமுக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாளின் ஐந்தில் ஒரு பங்கு. அதன் மேல் மசாலாவுக்கு நாம் போடும் உப்பு, சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். ரத்த அழுத்தம் உள்ளவரின் தட்டில் இது எங்கே போய் நிற்கும்?

ஆராய்ச்சிகள் சொல்வது

ஸ்பெயின் நாட்டில் இதய நோய் வரக்கூடிய 55 முதல் 80 வயதுக்குட்பட்ட 7,400-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு அந்நாட்டுக் காய்கறி உணவு முறையோடு தினமும் 30 கிராம் அக்ரூட், பாதாம், ஹேசல்நட் கலந்து கொடுத்தார்கள். 2013-ல் வெளியான முடிவில் சில இடங்களில் நபர்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் அதைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். அப்போதும் அந்தப் பிரிவினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாகவே இருந்தன.

அதில் கடலை இல்லையே என்று கேட்பீர்கள். 2015-ல் வெளியான வேறோர் ஆய்வில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சீனாவின் ஷாங்காய் நகரிலும் சுமார் 2 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்திருந்தார்கள். அமெரிக்கப் பிரிவினரில் பலர் வருமானம் குறைந்தவர்கள்; பாதியளவு கடலையாகவே சாப்பிட்டவர்கள். ஷாங்காய்க்காரர்களிடம் கணக்கெடுத்தது கடலையை மட்டுமே. அங்கும் கடலை உண்டவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. இது கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல, கவனித்துப் பார்த்த கணக்கு. கடலைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. டின்னைத் தூக்கி எறிய வேண்டாம். உப்பு நீரைக் கீழே ஊற்றிவிட்டு, காயை வடிகட்டியில் போட்டு ஓடும் நீரில் அலசுங்கள். ராஜ்மா, கொண்டைக்கடலை டின்னில் சோடியம் கணிசமாகக் குறையும். பட்டாணி, சோளத்தில் குறைவது சற்றுக் கம்மி. உப்பு ஓரளவு உள்ளே இறங்கியிருக்கும். அலசிய காயில் செய்யும் குருமாவுக்கு உப்பைப் பாதியாக்குங்கள்.

2. லேபிளைப் படியுங்கள். இப்போது சோடியம் எவ்வளவு என்று அச்சிடுகிறார்கள். இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள்.

3. டின்னைவிட, உறையவைத்த பட்டாணி மேல். சஃபல் கடையிலேயே கிடைக்கிறது. உப்பு மிகக் குறைவு, வைட்டமின் சி-யும் அதிகம் தங்குகிறது. ஜனவரி, பிப்ரவரியில் பட்டாணி மலிவாக வரும்போது நீங்களே செய்யலாம். உரித்த பட்டாணியைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, ஈரம் போகத் துடைத்து, சிறு பைகளில் ஃப்ரீசரில் வையுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் முடித்துவிடுவேன்.

4. கடலையை அவித்தோ வறுத்தோ உப்பில்லாமல் சாப்பிடுங்கள். எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய பாக்கெட் கடலையில் நாம் தவிர்க்க நினைத்த உப்பு மறுபடி வந்துவிடும். முந்தைய இரவு ஊறவைத்தால் காலையில் குக்கரில் வெந்துவிடும்.

5. பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, கசக்கும் கடலையை எறிந்துவிடுங்கள். 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சைபட்ட கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுதான் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. அது கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முழுவதும் போகாது.

6. உப்பிய டின், பள்ளம் விழுந்து மூட்டு விட்ட டின் எதுவானாலும் திறக்காமலே எறியுங்கள். மிச்சக் காயை டின்னிலேயே வைக்காமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

7. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை, முழுப் பாதாம் கொடுக்காதீர்கள். புரையேறி மூச்சுக்குழலில் சிக்கும். பொடித்துக் கொடுக்கலாம். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இனி, அன்று கேட்ட தங்கைக்கு: உன் மாமியார் வந்ததும் அந்த டின்களை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எட்டரைக்கு வீடு திரும்புகிறவளின் களைப்பு எனக்குத் தெரியும். அலசு, உப்பைக் குறை, வாரத்தில் பாதி நாளாவது உறையவைத்த பட்டாணிக்கு மாறு. மாலையில் அவர் கையில் ஒரு கைப்பிடி அவித்த கடலை கொடு. அவருக்கு அது ஊர் ஞாபகம், உடம்புக்கும் நல்லது.

என் கணவருக்கு இப்போது 76 வயது. வலது கை விரல்களுக்குப் பலம் வர ஏதாவது பொடிப்பொடியாக எடுக்கும் வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். பாசிமணி கோக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். கடலை உரிக்கிறேன் என்றார். இந்தக் குளிர்காலத்திலும் மாலை வேளையில் பால்கனி வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நிதானமாக உரித்து, பருப்பை ஒரு கிண்ணத்தில் போடுகிறார். ஒரு கைப்பிடி ஆனதும் பாதியை என்னிடம் நீட்டுவார். "எண்ணிப் பார்த்துக்கோ, டீச்சரம்மா."

நான் எண்ணுவதில்லை. வாங்கிக்கொள்கிறேன்.